வெட்டப் பழகினால் லாபம் வீட்டுக்கு!

மும்பை தாராவியில் தமிழ்ப் பெண்கள் பலர் வீட்டிலேயே பை தைக்கிறார்கள். வியாபாரி துணியை வெட்டி, கட்டாகக் கட்டிக் கொடுப்பார். தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அளவு தெரிந்தவர் வியாபாரி. எனவே கூலியும் அவர் வைத்ததுதான்.

மாதம் ஒரு மாதிரி

வெளிநாடுகளில் மாதந்தோறும் அளவுத்தாளும் துணியும் தபாலில் அனுப்பும் தையல் சங்கங்கள் உண்டு. இங்கும் நாலைந்து பெண்கள் சீட்டுப் போடுவதுபோல் பணம் போட்டு, துணியும் நூலும் மொத்தமாக வாங்கலாம். முதல் மாதம் கடைப்பை, அடுத்த மாதம் ஜிப் பை என்று மாதம் ஒரு மாதிரி பழகலாம்.

ஒரு மீட்டரில் இரண்டு பை

36 அங்குல அகலக் காடாத்துணி ஒரு மீட்டர் போதும். முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்தபின் சுருங்கும். 34 அங்குல நீளம், 15 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்தால் இரண்டு பை. மீதியில் 3 அங்குலப் பட்டை இரண்டு எடுத்து, பாதியாக வெட்டினால் நாலு கைப்பிடி.

கைப்பிடி அறுந்தால் பை போயிற்று. அது சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போடுவது அவசியம்.

கிராக்கி உண்டு

மகாராஷ்டிரத்தில் 2018-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைகளுக்கு 2022 டிசம்பர் 31 முதல் நாடெங்கும் தடை. காய்கறிக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் துணிப்பை வேண்டும்.

தைக்க மட்டும் தெரிந்தால் கூலி. வெட்டவும் தெரிந்தால், வியாபாரிக்குப் போகும் லாபமும் வீட்டுக்கு வரும்.