கூடினாலும் கவலை

மைசூரு குவெம்பு நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கும் கிளை அலுவலகத்துக்கும் இடையே 3 கிலோமீட்டர்தான். பிள்ளைகளின் பள்ளியும் அவ்வழியிலேயே உள்ளது. டீசல் கார் வாங்கி ஓராண்டுக் காலம் அச்சிறு வட்டத்துக்குள்ளேயே ஓட்டினோம். ஒரு ஞாயிறு காலை ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தபோது, எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. குறையவில்லையே என்று முதலில் மகிழ்ந்தோம். வணிகவியல் படித்தவர்க்கு அம்மகிழ்ச்சி அழகன்று; யாரும் செலுத்தாத பணம் கணக்கில் ஏறியிருந்தால் வங்கி சும்மா இருக்குமா?

ஏறியிருந்தது டீசல். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளுக்கேற்ப, டீசல் கார்களின் புகைவழியில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்படுகிறது. அதில் கரி நிறைந்ததும், ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதனை எரித்துவிட வேண்டும். அவ்வெப்பத்துக்காகப் பல கார்களில் சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் தெளிக்கப்படுகிறது. எரிந்து முடியுமுன் வண்டியை நிறுத்தினால் அடுத்த பயணத்தில் மீண்டும் அதே தெளிப்பு. சிலிண்டர் சுவரில் படியும் டீசலில் ஒரு பகுதி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து என்ஜின் ஆயிலோடு கலக்கிறது. பெட்ரோலாயின் நீண்ட ஓட்டத்தின் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். டீசல் எளிதில் போவதில்லை. நீர்த்த எண்ணெயால் பேரிங்குகள் தேய்கின்றன. சாதாரண மோட்டார் காப்பீடு இத்தகைய இயந்திரப் பழுதை ஏற்பதில்லை. கடன் தவணையோ நிற்பதில்லை.

நிறத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. டீசல் என்ஜினில் புது எண்ணெயும் விரைவில் கறுக்கும். சமதரையில், என்ஜின் ஆறியபின் அளவு பார்த்துத் தேதியுடன் குறித்து வருவதே நம்பகமானது. அளவு ஏறி, பால்போல் வெளுத்திருந்தால் குளிர்விக்கும் நீர் கலந்திருக்கலாம். ஏறி, நீர்த்து, டீசல் வாடை வீசினால் எரிபொருள் என்று ஐயுறலாம். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்த்தால், எரிபொருள் கலந்த எண்ணெயில் வெளி விளிம்பில் வெளிறிய வளையம் தென்படுவதுண்டு. உறுதியான விடை ஆய்வுக்கூடத்தில்தான் கிடைக்கும். பாகுத்தன்மையும் தீப்பற்றும் வெப்பநிலையும் தாழ்ந்திருப்பது அங்கே எண்ணாகவே தெரிந்துவிடும்.

குறுகிய பயணமே காரணம் என்று எண்ணி அமைதி கொள்வதும் தவறு. ஒழுகும் இன்ஜெக்டரும் இதே அடையாளங்களையே காட்டும். எங்கள் மெக்கானிக் முதலில் அதனைத்தான் சோதித்தார், குறையில்லை. எண்ணெயையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினோம். இப்போது ஞாயிறுதோறும் நஞ்சன்கூடு வரை நிற்காமல் சென்று திரும்புகிறோம். நாட்குறிப்பில் அளவு இன்னும் ஏறவில்லை.