மேசைப்பந்து மட்டையும் எண்ணெய்ப் போத்தலும்

குளிர்காலத்தில் வெளியே ஓடியாட முடியாத நாடுகளில் எமது பிள்ளைகள் பலர் மேசைப்பந்துக் கழகங்களில் சேர்ந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் போட்டிகளில் ஆடத் தொடங்கும் வயதில் சிலரது அறைக்குச் சிறியதொரு போத்தலும் தூரிகையும் வந்து சேர்கின்றன. 'பூஸ்ரர்' என்னும் எண்ணெய்தான் அது.

மட்டையின் இறப்பருக்கு அடியிலுள்ள ஸ்பொஞ்சில் இதைப் பூசினால் அது எண்ணெயைக் குடித்து வீங்கும். இறப்பர் முழுவதும் கிண்ணம் போல வளையும். ஒருநாள் அளவில் ஊறவிட்டு மீண்டும் பலகையில் ஒட்டும்போது, விரிந்த ஸ்பொஞ்ச் மேலுள்ள இறப்பரை இழுத்துப் பிடிக்கிறது. பந்து வேகமாகத் தெறிக்கும், சுழற்சியும் கூடும். சில வாரங்களில் பலன் குறைய, மறுபடியும் போத்தல் திறக்கப்படும்.

இது புதிய ஆசை அல்ல. 1970களில் ஐரோப்பிய வீரர்கள் சைக்கிள் ரியூப் ஒட்டும் பசையைப் பூசி இதே பலனைக் கண்டார்கள். அத்தகைய பசைகளில் இருந்த தொலூயீன் மூளையைப் பாதிக்கக்கூடியது. ஹெக்சேன் கலந்த பசையோடு நெடுநாள் வேலை செய்த சப்பாத்துத் தொழிலாளர்களுக்குக் கைகால் நரம்புகள் பழுதடைந்தமை மருத்துவ உலகம் நன்கறிந்தது. ஆவியாகும் கரைப்பான் கொண்ட பசைகளைச் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் 2008 செப்டெம்பர் 1 முதல் தடைசெய்தது. அந்த இடத்தைப் பிடித்ததே பூஸ்ரர்.

இன்றைய பூஸ்ரர்களில் பல பரபின் வகை எண்ணெய்கள். மணம் குறைவு. பழைய பசையைப் போல மூச்சுவழி நஞ்சேற்றுவதும் குறைவு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். எமது கவலை வீட்டிலுள்ள தம்பி தங்கையைப் பற்றியது. ஊரில் மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று நினைத்துக் குடித்த குழந்தைகளை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் ஆபத்து. மெல்லிய எண்ணெய் விழுங்கும்போதே மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிச் சென்று, நுரையீரலில் பரவி அழற்சியை உண்டாக்கும். ஒரு வாய் போதும். பூஸ்ரர் விலை கூடியதென்று அலங்கார விளக்குக்கு ஊற்றும் பரபின் எண்ணெயை வாங்கி, சிறு போத்தல்களில் பிரித்து வைப்போரும் உண்டு. குழந்தைகள் குடித்து ஆபத்துக்குள்ளானதாலேயே அந்த எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் கடும் விதிகள் வகுத்தது.

அதுமட்டுமல்ல, இறப்பரில் எந்த இரசாயன மாற்றமும் செய்யாமல் பயன்படுத்த வேண்டும் என்பதே விளையாட்டு விதி. மேலுள்ள இறப்பரும் ஸ்பொஞ்சும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீற்றரைத் தாண்டவும் கூடாது. ஆவியாகாத எண்ணெயைப் பரிசோதனையில் பிடிப்பது கடினம் என்பதால் விதி மீறப்படுகிறது. ஜப்பானிய வீரர் ஜுன் மிசுதானி 2012இல் இதை எதிர்த்துச் சர்வதேசப் போட்டிகளிலிருந்தே சிலகாலம் விலகியிருந்தார். தொழிற்சாலையிலேயே இழுவிசை ஏற்றப்பட்ட இறப்பர்கள் கடைகளில் கிடைக்கும்போது, பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் போத்தல் எதற்கு என்பதே எமது அபிப்பிராயம்.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதை வாங்கிய போத்தலிலேயே, பூட்டிய அலுமாரியில் வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு எண்ணெய் மீண்டும் மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமல், மூச்சுத் திணறல், அசாதாரணத் தூக்கம் இருந்தால் உடனே அம்புலன்சை அழையுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் நஞ்சுத் தகவல் நிலையத்துக்குத் தாமதிக்காமல் தொலைபேசி எடுங்கள். மூச்சுக் கோளாறு சில மணி நேரம் கழித்தும் வரலாம். வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.