கண்ணாடிமேல் வெள்ளி முக்கோணங்கள்
நானோகோள அச்சுமுறை • நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், எவன்ஸ்டன், அமெரிக்கா

கண்ணுக்குச் சாயம் பூசிய கண்ணாடி போலத்தான் இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் வரிசை வரிசையாக வெள்ளி முக்கோணங்கள். அகலம் 100 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் 50.

இப்பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்ட் வான் டைனின் குழு 1995இல் விவரித்த செய்முறை, பலனைப் பார்க்கும்போது மிக மலிவானது. 400 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் கோளங்கள் (தெர்மாகோலும் இதே பிளாஸ்டிக்தான்) மிதக்கும் நீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விடுவார்கள். நீர் உலர உலரக் கோளங்கள் நெருங்கி, அறுகோண ஒழுங்கில் அமைந்துகொள்ளும். வெற்றிட அறையில் ஆவியாக்கிய வெள்ளி, மூன்று கோளங்கள் சந்திக்கும் இடுக்குகளில் மட்டுமே கண்ணாடியைத் தொடும். பிறகு கரைப்பானில் இட்டு, மீயொலியால் கோளங்களைக் கழற்றிவிடலாம்.

பாடெல்லாம் கண்ணாடியைக் கழுவுவதில்தான். அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த சூடான கலவை வேண்டும். அதைக் கையாளுவதே ஆபத்து. எண்ணெய்ப் பசை துளி மிஞ்சினாலும் சொட்டு சரியாகப் பரவாது. நன்றாகக் கழுவியும் வரிசையில் ஆங்காங்கே விரிசல் விழும்.

ஒளி பட்டதும் வெள்ளியின் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒன்றுசேர்ந்து அலைகின்றன. இதுவே பிளாஸ்மான் ஒத்ததிர்வு. முக்கோணத்தில் ஒரு புரதம் ஒட்டினால் அந்த அலைநீளம் பொதுவாகச் சிவப்புப் பக்கம் நகரும். நிறமாலைமானி அதைக் காட்டிவிடும். 2005இல் இக்குழு, அல்சைமர் நோயோடு தொடர்புள்ள புரதத் திரள்களை இம்முறையில் தேடியது. வெள்ளியோடு பிணைத்த எதிர்ப்பொருளே அங்கே தூண்டில்.