குறைவதிலும் வகை உண்டு

ஒரு குவளை சூடான தேநீரை மேசை மேல் வைத்துவிட்டு, "இது என்ன ஆகும்?" என்று வகுப்பில் கேட்டேன். "வெப்பநிலை குறையும், சார்" என்று முன் வரிசையிலிருந்து விடை வந்தது. பாடநூலில் உள்ள விடை; தவறில்லை. கடைசி வரிசையில் ஒரு மாணவர் இருந்தார். போடிநாயக்கனூரிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் மெல்லிய குரலில், "ஆறிப் போகும் சார்" என்றார். வகுப்பு சிரித்தது.

"குறைவதற்கும் ஆறுவதற்கும் என்ன வேறுபாடு?" என்று அவரையே கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஆறினதுக்கு அப்புறம் அது மேற்கொண்டு ஆறாது சார்" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஏனெனில், நியூட்டனின் குளிர்தல் விதியில் பாதியை அவர் சொல்லிவிட்டார்.

குறைவதைச் சொல்ல நம் பேச்சில் எத்தனை சொற்கள்! சோறு ஆறுகிறது, வெக்கை தணிகிறது, மழை ஓய்கிறது, புழுதி அடங்குகிறது, வெள்ளம் வடிகிறது, கிணறு வற்றுகிறது, குழம்பு சுண்டுகிறது, வண்டல் படிகிறது, நிலவு தேய்கிறது, விளக்கொளி மங்குகிறது. எல்லாவற்றையும் 'குறைகிறது' என்ற ஒரே சொல்லால் எழுதிவிடலாம். ஆனால் எப்படிக் குறைகிறது, எங்கே போய் நிற்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் விடை அதில் இல்லை. அந்த இரு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, போடியையும் அதன் மலைச் சரிவையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வாருங்கள்.

ஆறுதல்

தேநீரின் வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸ், அறையின் வெப்பநிலை 30 டிகிரி என்று கொள்வோம். வேறுபாடு 60 டிகிரி. பத்து நிமிடத்தில் இந்த வேறுபாடு பாதியாகிறது என்றால், தேநீர் 60 டிகிரிக்கு வந்திருக்கும். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் 30 டிகிரி இறங்கிவிடுமா? இறங்காது. மீதியுள்ள வேறுபாட்டில் பாதி, அதாவது 15 டிகிரிதான் இறங்கும். அதற்கடுத்த பத்து நிமிடத்தில் ஏழரை டிகிரி. ஒவ்வொரு முறையும் சமமான பங்கு குறைகிறதே தவிர, சமமான அளவு குறைவதில்லை. அறையின் வெப்பநிலையை நெருங்க நெருங்க வேகம் தளர்ந்து, முடிவில் அங்கேயே நின்றுவிடும். நியூட்டன் இதை 1701-இல் வெளியிட்டார். 'ஆறினதுக்கு அப்புறம் ஆறாது' என்பது இதன் பின்பாதிதான்.

ஒரே பேருந்தில் இரு குறைவுகள்

போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டுக்குச் சென்றால் ஏறத்தாழ 1,400 மீட்டர். இந்தப் பயணத்தில் இரண்டு பொருள்கள் குறைவதை உங்கள் உடலே உணரும். வெக்கை தணிகிறது, காது அடைக்கிறது. காது அடைப்பதற்குக் காரணம் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே ஆகும்.

இவ்விரண்டும் ஒரே விதமாகக் குறைவதில்லை. வெப்பநிலை, சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி என்ற சம அளவில் இறங்கும். கீழே 35 டிகிரி என்றால் மேலே 28 டிகிரி அளவில் இருக்கும். மேலெழும் காற்று, அழுத்தம் குறைந்த இடத்தில் விரிவடைகிறது, விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுகிறது, அதனால் குளிர்கிறது. அழுத்தமோ சம பங்கில் இறங்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இருப்பதில் நூற்றுக்கு 11 பங்கு போல அது இழந்துகொண்டே போகும். ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் பாதி. 11 கிலோமீட்டரில் ஏறத்தாழக் கால் பங்கு.

ஊஞ்சல் ஓய்வது எப்படி?

சம அளவு, சம பங்கு என்ற இந்த வேறுபாடு தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ஊஞ்சல்களை 40 சென்டிமீட்டர் இழுத்து விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் கொக்கி துருப்பிடித்தது. உராய்வினால் ஆட்டத்துக்கு 4 சென்டிமீட்டர் வீதம் வீச்சு குறைகிறது: 40, 36, 32, 28... மற்றொன்றின் கொக்கி நல்லது. காற்றின் தடை மட்டுமே உண்டு. அதில் ஆட்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது: 40, 36, 32.4, 29.2... முதல் சில ஆட்டங்களை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்றே என்றுதான் சொல்வார். பத்தாவது ஆட்டத்தின் முடிவில் பாருங்கள். துருப்பிடித்த ஊஞ்சல் ஓய்ந்து நின்றுவிட்டது. மற்றது இன்னும் 14 சென்டிமீட்டர் வீச்சில் ஆடிக்கொண்டிருக்கிறது. அது சிறுகச் சிறுக அடங்கும்.

கலங்கல் தெளிதல்

மழைக்காலத்தில் போடி வழியே வரும் கொட்டக்குடி ஆறு செந்நிறமாகக் கலங்கி ஓடும். அந்த நீரைக் குடத்தில் எடுத்து வைத்தால் மண் அமிழ்ந்து அடியில் படியும். ஆனால் எல்லா மண்ணும் ஒரே வேகத்தில் அமிழ்வதில்லை. 1851-இல் ஸ்டோக்ஸ் என்பவர் கண்ட விதிப்படி, துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் அமிழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும்.

குடத்தில் நீர் 20 சென்டிமீட்டர் ஆழம் என்று கொண்டு கணக்கிடுவோம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் துகள் அரை நிமிடத்துக்குள் அடியைத் தொடும். நூறில் ஒரு மில்லிமீட்டர் துகளுக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் துகளுக்கோ இரண்டரை நாள்! நம் முன்னோர் குடத்தின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை உரைத்தது இதற்காகத்தான். அதன் சாறு நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்கிறது. திரள் பெரிதானால் வேகம் கூடும். நீர் விரைவில் தெளியும்.

ஏலக்காய் உலர்தல்

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் ஏலக்காய் ஸ்டோருக்குள் வாருங்கள். ஏலக்காயைச் சூடான காற்றில் உலர்த்தும் அறையை இங்கு 'ஸ்டோர்' என்றே சொல்வார்கள். பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு 80 பங்கு போல நீர் இருக்கும். அதை 10 பங்கு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

100 கிலோகிராம் பச்சைக் காயில் 20 கிலோ உலர்பொருள், 80 கிலோ நீர். ஈரம் 50 பங்காகும்போது மொத்த எடை 40 கிலோ. ஆகவே 60 கிலோ நீர் வெளியேறிவிட்டது. ஈரம் 10 பங்காகும்போது மொத்த எடை ஏறத்தாழ 22 கிலோ. இந்தக் கட்டத்தில் வெளியேறியது 18 கிலோ மட்டுமே. முதல் 60 கிலோ எளிதில் போய்விடும். பின்னுள்ள 18 கிலோவுக்குத்தான் பொறுமை வேண்டும். மேல்தோலின் ஈரம் காற்றில் உடனே கலந்துவிடும். உள்ளே விதையை ஒட்டியுள்ள ஈரமோ தோல் வரை ஊர்ந்து வரவேண்டும். உள்ளே ஈரம் குறையக் குறைய அந்த ஊர்தலும் மந்தமாகும். தேநீர் ஆறும் கதைதான் இதுவும்.

இதை அறியாதவர் இரண்டு விதத்தில் தவறுவார். 'முதலில் வேகமாக உலர்ந்ததே, இப்போது ஏன் தாமதம்?' என்று சூட்டை ஏற்றினால், காயின் பச்சை நிறம் வெளிறும், காய் வெடிக்கும், மணம் தரும் எண்ணெயும் ஆவியாகும். போடியில் நடைபெறும் ஏலத்தில் நிறமும் மணமும்தான் விலை. வேறொருவர், 'தோல் காய்ந்துவிட்டது, போதும்' என்று முன்னதாகவே எடுத்து மூட்டை கட்டுவார். உள்ளே தங்கிய ஈரம் சாக்குக்குள் மெல்லத் தோலுக்கு வந்து பூசணம் பிடிக்கும். தேர்ந்த கைகளோ சூட்டை 45 முதல் 50 டிகிரி அளவில் நிறுத்தி, காயைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்து, காத்திருக்கும். 'மேல் ஈரம் போயிருக்கு, இன்னும் உள் ஈரம் இருக்கு' என்று அவர்கள் பிரித்துச் சொல்வது சரியான இயற்பியல். ஒரு பருவத்து உழைப்பின் பலன் அந்தச் சொல்லில் நிற்கிறது.

மலைக்குள் அடங்குதல்

இனி மலைக்கு உள்ளே போவோம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. அவை இந்த நொடியும் உங்கள் மேல் பொழிகின்றன. விரித்த கையளவு பரப்பில், அதாவது 100 சதுர சென்டிமீட்டரில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 துகள்கள் விழும். பாறைக்குள் ஆழமாகப் போகப் போக இந்த மழை அடங்கும். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைக்கு அடியில் அது ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். அதே கையளவு இடத்தில் வாரத்துக்கு ஒன்று!

இதற்காகவே, போடி மேற்கு மலையில் பொட்டிபுரம் அருகே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க இடம் தேர்ந்தெடுத்தார்கள். 2015 ஜனவரியில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. மலைக்கும் காட்டுக்கும் நீருக்கும் கேடு வரும் என்ற அச்சத்தால் எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. அந்த வழக்கு தனிக் கட்டுரைக்கு உரியது. நாம் கவனிக்க வேண்டியது, மலையைத் தேடியதன் காரணம். நியூட்ரினோக்கள் பாறையில் ஏறத்தாழக் குறைவதே இல்லை. சந்தை இரைச்சல் அடங்கினால்தான் மெல்லிய குரல் கேட்கும். அதுபோல மியூவான் மழை அடங்கிய இடத்தில்தான் நியூட்ரினோவின் அரிய தடத்தைக் காண இயலும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-இல் இந்திய அறிவியலார் இவ்வாறே அதைக் கண்டனர்.

நீங்களே செய்து பாருங்கள்

நம் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு கணித விதிக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பேச்சில் ஓய்தலும் அடங்குதலும் கலந்தே வரும். ஆனால் குறைவுகள் பலவகை என்பதைக் கண்டு, அவற்றுக்குத் தனித்தனிப் பெயரிட்டவர்கள் நம் மக்கள். அளந்து பார்ப்பது மட்டுமே நம் வேலை.

ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். ஐந்து ஆட்டங்களுக்கு ஒருமுறை வீச்சை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பிறகு கல்லோடு ஓர் அட்டையைச் சேர்த்துக் கட்டி மீண்டும் அளந்து பாருங்கள். குறைந்தது சம அளவா, சம பங்கா? உங்கள் பட்டியலே விடை சொல்லும். அதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று வீட்டில் பாட்டியிடமும் கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லையும் பட்டியலுக்குக் கீழே எழுதிவையுங்கள். வகுப்பில் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.