காற்றிழுத்தல் (குதிரை)

காற்றிழுத்தல் என்பது லாயங்களில் அடைத்து வளர்க்கப்படும் குதிரைகளிடம் காணப்படும் ஒரு பழக்கம் ஆகும். குதிரை தீனித்தொட்டி, கதவு, வேலிக்கட்டை போன்ற ஏதேனும் ஒன்றின் விளிம்பை வெட்டுப்பற்களால் பற்றிக்கொண்டு, கழுத்துத் தசைகளை இறுக்கி, உறுமல் போன்ற ஒலியுடன் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுக்கின்றது. எதையும் பற்றாமலேயே இவ்வாறு செய்யும் குதிரைகளும் உண்டு. தலையை இருபுறமும் ஆட்டுதல், லாயத்துக்குள் சுற்றிச்சுற்றி நடத்தல் ஆகியவற்றோடு இதுவும் லாயத்தின் தீய பழக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டு வந்தது. குதிரையைக் குற்றஞ்சாட்டும் இப்பெயர் பொருத்தமானதன்று.

வயிற்றுவலியுடன் தொடர்பு

குதிரைகளில் வயிற்றுவலி என்பது பல நோய்களின் பொதுவான அறிகுறி ஆகும். காற்றிழுக்கும் குதிரைகளுக்கு இரு வகை வயிற்றுவலி கூடுதலாக வருவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஒன்று, பெருங்குடல் அடைபட்டு உப்புதல். மற்றது மிகக் கொடியது. கல்லீரலை ஒட்டி, கீழ்ப்பெருஞ்சிரைக்கும் கல்லீரல் வாயிற்சிரைக்கும் இடையே இயல்பாகவே ஒரு குறுகிய துளை உள்ளது. சிறுகுடலின் ஒரு பகுதி இதனுள் நுழைந்து சிக்கிக்கொண்டால், அப்பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குடல் அழுகத் தொடங்கும். உடனடி அறுவை மருத்துவம் இன்றேல் குதிரை பிழைப்பதில்லை. 2008 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், இச்சிக்கலுக்கான இடர்க்காரணிகளுள் காற்றிழுத்தலே முதன்மையாக இருந்தது. குதிரைகள் நெடுநேரம் லாயத்தில் அடைபட்டிருக்கும் குளிர்காலத்தில் இது மிகுதியாக நிகழ்கின்றது.

விழுங்கிய காற்று வயிற்றை நிரப்புவதாலேயே வலி வருகின்றது என்பது பழைய விளக்கம். ஆனால் ஊடுகதிர் கொண்டு பார்த்தபோது, இழுக்கப்படும் காற்றில் மிகச் சிறிதளவே இரைப்பையை அடைவது தெரிந்தது. காற்றிழுக்கும்போது வயிற்றறையின் அழுத்தம் மாறுவதால் குடல் துளைக்குள் தள்ளப்படலாம் என்ற கருத்தும் உண்டு. அது இன்னும் உறுதியாகவில்லை.

பொதுவான காரணம்

குதிரை நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கும் விலங்கு. அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாது சுரக்கின்றது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதே பெருமளவில் சுரக்கின்றது. லாயத்தில் இருவேளை அடர்தீவனமும் சிறிது வைக்கோலும் பெறும் குதிரைக்கு மெல்லும் நேரம் குறைகின்றது. பிரித்தானியாவில் 225 குட்டிகளை நான்கு ஆண்டுகள் கவனித்து 2002 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பால் மறந்தபின் அடர்தீவனம் பெற்ற குட்டிகளிடம் இப்பழக்கம் தோன்றும் வீதம் நான்கு மடங்காக இருந்தது. அது தொடங்கிய வயதின் இடைநிலை அளவு வெறும் 20 வாரங்களே. அடர்தீவன மிகுதியும் நீண்டநேர அடைப்பும் வயிற்றுவலிக்கும் இடர்க்காரணிகளாகவே அறியப்பட்டுள்ளன. எனவே பழக்கம் நோயை உண்டாக்குகின்றதா, இரண்டும் ஒரே வேரில் பிறந்தவையா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

தடுப்பு

கழுத்தில் இறுக்கமான வார் கட்டி இப்பழக்கத்தைத் தடுப்பது உலக வழக்கம். வாரைக் கழற்றியதும் குதிரை முன்னிலும் மிகுதியாகக் காற்றிழுப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்றுக்கொள்ளும் என்று அஞ்சிக் குதிரையைத் தனிமைப்படுத்துவதற்கும் போதிய சான்று இல்லை. தனிமை அதன் துன்பத்தையே கூட்டும். நாள்தோறும் திறந்தவெளி, பிற குதிரைகளின் துணை, எந்நேரமும் மெல்லுவதற்கு வைக்கோல் ஆகியவையே பயன்தரும் வழிகள். ஆயினும் நெடுநாள் ஊன்றிய பழக்கம் முற்றாக மறைவது அரிது.

காற்றிழுக்கும் குதிரை தரையைக் காலால் சுரண்டினாலோ, விலாவைத் திரும்பிப் பார்த்தாலோ, தீனியை மறுத்தாலோ, வலி சிறிதாகத் தோன்றினும் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். குடல் துளையில் சிக்கிய குதிரைகளிலும் சில தொடக்கத்தில் இலேசான வலியையே காட்டுகின்றன.