தவளை வயிற்றுக்குள்ள நம்ம வயல்

தவளையை 'பூச்சி தின்னுற நண்பன்'னு மேடைக்கு மேடை சொல்றோம். தின்ற பூச்சி செரிக்கவும், நோய் அண்டாமல் இருக்கவும் அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் துணை நிற்கின்றன. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருது? கன்றுக்குட்டிக்குத் தாய் நக்கிக் கொடுப்பதிலும் பாலிலும் கிடைத்துவிடும். வயல் தவளையோ முட்டையைத் தண்ணியில விட்டுட்டுப் போயிடும். தலைப்பிரட்டைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர், சேறு, மேய்கிற பாசி ஆகியவற்றிலிருந்து வருவதுதான். கால் முளைக்கும்போது நீளமான குடல் சுருங்கி, பாசி தின்னி பூச்சி தின்னியாகிறது. குடலில் இருக்கும் கூட்டமும் மாறுகிறது. அதனால் ஒரே இனத் தவளையானாலும் இடத்துக்கு இடம் குடல் வேறு. தைவானில் நெல்வயல் தவளைகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். விவசாய நிலத்துத் தவளைக்கும் இயற்கைச் சூழலில் வாழும் தவளைக்கும் இரையும் வேறு, குடலில் ஓங்கி நிற்கும் பாக்டீரியாவும் வேறு.

நம்ம பக்கம் திருமணிமுத்தாற்றை எடுத்துக்குங்க. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்துச் சாக்கடையையும் ஆலைக்கழிவையும் வாங்கிக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேருது. மேலே ஓடையில் வளரும் தலைப்பிரட்டைக்கும் கீழே வாய்க்காலில் வளர்வதற்கும் ஒரே குடல் அமையும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

குடல் மாறினால் என்ன நஷ்டம்? 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. கியூபா மரத்தவளையின் தலைப்பிரட்டைகளில் ஒரு பகுதியைக் கிருமிநீக்கிய குளத்து நீரில் வளர்த்தார்கள். நுண்ணுயிர் வகை குறைந்துபோன அவை தவளையானதும், சாதாரண குளத்து நீரில் வளர்ந்தவற்றைவிட மூன்று மடங்கு குடற்புழு ஏறியது. சின்ன வயசில் பட்ட கேடு பெரிசானதும் தெரிகிறது.

நாமக்கல்லைச் சுற்றி இருக்கிற நமக்கு இங்கே கோழி எருவைப் பற்றிய கேள்வி வருது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிகளுக்குக் கொடுக்க 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. வேறு சில புழக்கத்தில்தான் இருக்கின்றன. 'இயற்கை எரு'ன்னு பச்சையா வாங்கிக் கொட்டினா மருந்து எச்சமும் வயல் தண்ணிக்கு வந்து சேரலாம். நன்றாக மட்க வைத்தால் பெருமளவு குறையும், முழுசாப் போயிடும்னு சொல்ல முடியாது. பண்ணையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று, மழை பெய்து தவளை முட்டையிட்ட பிறகு பண்ணைக்குட்டையில் ஒரு மூலையையாவது ஒரு மாதத்துக்கு மேல் கலக்காமல் விடுங்க. பாசியை வழிச்செடுக்க வேண்டாம், பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். வால் சுருங்கிக் கரையேறின பிறகு தூர் வாரிக்கலாம்.