இணையச் செய்திக்கு யார் விலை கொடுக்கிறார்?

தமிழ் நேசன் நாளிதழ் 1924ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அக்காலத்துத் தோட்டங்களில் ஒருவர் வாங்கிய நாளிதழைப் பலர் படிப்பர். எழுத்தறிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பதும் உண்டு. இதழ் விற்ற பணமும் கடைக்காரர்கள் தந்த விளம்பரப் பணமும் சேர்ந்தே அச்சுச் செலவையும் செய்தியாளர் சம்பளத்தையும் தாங்கின. ஏறத்தாழ 95 ஆண்டுகள் வெளிவந்த அவ்விதழ், 2019 ஜனவரி மாத இறுதியோடு நின்றுபோனது.

இன்று ஜாசினிலோ அலோர் காஜாவிலோ வாழும் வாசகர் திறன்பேசியைத் தொட்டதும் செய்தி வந்துவிடுகிறது. பல தளங்கள் காசு கேட்பதில்லை. அப்படியானால் செய்தியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் விளம்பரத்திலிருந்துதான். 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் என்ற அமெரிக்க இணைய இதழ் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. அன்று விற்கப்பட்டது பக்கத்தில் ஓர் இடம். இன்று விற்கப்படுவது வாசகரின் பார்வை. ஒரு பக்கம் திறப்பதற்குள், வாசகர் எந்த ஊரில் இருக்கிறார், அண்மையில் எதைத் தேடினார் என்பன போன்ற விவரங்களைக் கொண்டு கணினிகளே விளம்பர இடத்தை ஏலம் விட்டுவிடுகின்றன. ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்பது பொதுவான கணக்கு. அதிலும் ஒரு பங்கை இடைத்தரகு நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, ஒரு தளம் பிழைக்கப் பெருந்தொகையான பார்வைகள் வேண்டும். மலேசியத் தமிழ் வாசகர் எண்ணிக்கையோ சிறியது. பரபரப்பான தலைப்புகள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். தலைப்பை நம்பித் திறந்தவர் உள்ளே ஏமாந்தாலும் பார்வை கணக்கில் சேர்ந்துவிடுகிறதே!

மற்றொரு வழி கட்டணச் சுவர். சந்தா செலுத்தியவருக்கே முழுச் செய்தியும் திறக்கும். 1999இல் தொடங்கிய மலேசியாகினி, 2002இல் சந்தா முறையைக் கொண்டு வந்தது. நியூயார்க் டைம்ஸ் 2011இல் வேறு விதமாகச் செய்தது. மாதத்திற்குச் சில கட்டுரைகளை இலவசமாகத் தந்து, அதற்குமேல் படிப்பவரிடம் மட்டும் கட்டணம் கேட்டது.

சந்தா வருவாய் ஓரளவு நிலையானது. வாசகர் அடுத்த மாதமும் பணம் கட்ட வேண்டுமென்பதால், செய்தியின் தரத்தில் கவனம் கூடும். ஆனால், கட்ட இயலாதவர் வெளியே நின்றுவிடுவார். தோட்டத்தில் ஓர் இதழ் பத்துப் பேரிடம் கைமாறியது. கட்டணச் சுவரோ ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கணக்குக் கேட்கிறது. இக்குறையை உணர்ந்தே, 2020இல் கோவிட் பரவியபோது நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பல இதழ்கள் நோய்த்தொற்றுச் செய்திகளை மட்டும் அனைவருக்கும் திறந்துவிட்டன. மற்றவை சந்தாதாரர்களுக்கே என்ற விதி தொடர்ந்தது.